கொடையும் கடனும்: ஊவாத் தோட்டப்புற வரலாற்றில் ஈகையின் அடிப்படைகள்

திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. 24ஆம் அதிகாரம் புகழ். இம்மூன்றும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலானதன்று. ஒப்புரவு என்பது உலகநடை அறிந்து ஊரோடு ஒத்து உதவுதல். ஈகை என்பது திருப்பித் தர வகையற்ற வறியவனுக்குக் கொடுத்தல். புகழ் என்பது கொடுத்தவனுக்கு எஞ்சுவது. பரிமேலழகர் முன்னதை இம்மை நோக்கியதென்றும் பின்னதை மறுமை நோக்கியதென்றும் பிரித்துக் காட்டுவர். மனிதர் ஏன் கொடுக்கின்றனர் என்ற வினா தமிழ் மரபுக்குப் புதியதன்று என்பதும், அவ்வினாவுக்கு ஒரே விடை போதாது என்பதும் இவ்வைப்பு முறையினாலேயே பெறப்படும்.

மேலைநாட்டறிஞரும் இதனை ஆராய்ந்துள்ளனர். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட தமது ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பியளித்தல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த கடமைகள் என்றும், பிரதிபயனற்ற தூய கொடை எனச் சமுதாயங்களில் காண்பது அரிதென்றும் நிறுவ முயன்றார். அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் அன்ட்ரியோனி 1990இல், கொடுப்பவன் தன் நெஞ்சில் எழும் இதமான நிறைவுக்காகவும் கொடுக்கின்றான் என வாதித்தார். இரு கருத்துக்களும் சிந்தனைக்குரியவை. எனினும் பசுபிக் தீவுகளையும் அமெரிக்க நகரங்களையும் கருத்திற்கொண்டு எழுந்த கோட்பாடுகளைப் பதுளை மாவட்டத்து லயங்களுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. மலையகத் தொழிலாளர் வரலாற்றில் எப்போதும் பெறுவோராகவே காட்டப்பட்டுள்ளனர். துரை கொடுத்தார், கங்காணி கொடுத்தார், அரசாங்கம் கொடுத்தது, தொண்டு நிறுவனம் கொடுத்தது என்றே ஏடுகள் பேசுகின்றன. தொழிலாளர் கொடுத்தது எவ்வளவு, யாருக்கு, எதன்பொருட்டு என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படவேயில்லை.

ஊவாவில் கண்ணுக்குத் தெரியும் பழைய கொடைச் சின்னங்களுள் ஒன்று பதுளை நகரின் புனித மாற்கு ஆலயம். உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் பதுளையிலிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் 1845 யூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக, எல்லா வகுப்பையும் சார்ந்த அவருடைய நண்பர்களும் அபிமானிகளும் சேர்ந்து எழுப்பியது இவ்வாலயம் என அங்குள்ள நினைவுப்பலகை கூறும். ஆலயம் 1857இல் நிறைவெய்தியது. றொஜர்ஸ் ஏறக்குறைய 1,400 யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பெயர்பெற்றவர். அவரது கல்லறையையும் மின்னல் விடாது தாக்கியதென்றும், அது யானைகளின் பழியென்றும் மலைநாட்டில் வழங்கும் கதை வேறு. ஆட்சியதிகாரியின் பெயரால் திறக்கப்படும் நிதிப்பட்டியலில் உள்ளூர்ப் பிரமுகர் தம் பெயர் இடம்பெற வேண்டுமென விரும்பியிருப்பர் என ஊகிப்பது கடினமன்று. அன்பு, மதிப்பு, அச்சம், நாளைய தயவு என்பன அப்பட்டியலில் எவ்விகிதத்திற் கலந்திருந்தன என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. வரலாற்று மாணவன் கொடையின் அளவை அறியலாம். கொடுத்தவனின் உள்ளத்தை அவன் செயலின் சூழலிலிருந்தே உய்த்துணர வேண்டும்.

சூழலிலிருந்து உய்த்துணர்வதற்குத் தோமஸ் லிப்டனின் வாழ்வு சிறந்த எடுத்துக்காட்டு. கிளாஸ்கோ நகரத்தில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்து பலசரக்குக் கடைகளால் செல்வரான லிப்டன், கோப்பி நோயினால் நிலமதிப்பு வீழ்ந்திருந்த வேளையில், 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தேயிலையை இடைத்தரகரின்றித் தம் கடைகளிலேயே மலிவாக விற்றமையே அவர் வெற்றியின் இரகசியம். 1897இல் விக்ரோறியா மகாராணியின் வைரவிழா நிகழ்ந்தபோது, இலண்டன் நகரத்து ஏழைகளுக்கு விருந்தளிக்க வேல்ஸ் இளவரசி தொடங்கிய நிதிக்குப் போதிய பணம் சேரவில்லை. லிப்டன் 25,000 பவுண் கொடுத்தார். கொடுத்தவர் பெயர் முதலில் மறைக்கப்பட்டிருந்தது, விரைவில் வெளிவந்தது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைகள் உணவுண்டனர். 1898இல் லிப்டன் 'சேர்' பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அவரது வணிகம் பொதுக்கம்பனியாக்கப்பட்டுப் பங்குகள் விற்கப்பட்டன. பின்னர் ஏழைகளுக்கான மலிவு உணவகங்களை நடத்த 100,000 பவுண் வழங்கினார். 1931இல் அவர் இறந்தபோது செல்வத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோ நகரத்து மருத்துவமனைகளுக்கும் வறியோருக்கும் சேர்ந்தது.

இவற்றையெல்லாம் விளம்பரமென்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையான கணிப்பாகாது. வறுமையில் வளர்ந்தவர் வறியோரின் பசியை அறிந்திருந்தார் என்பதை ஏற்கத்தான் வேண்டும். அவர் கொடை சென்ற திசையே இங்கு நோக்கற்பாலது. தாம் பிறந்த நகரத்து ஏழையின் முகம் அவருக்குத் தெரியும். அவன் சந்து, அவன் மொழி, அவன் பசி எல்லாம் அவர் பிள்ளைப்பருவத்து நினைவுகள். தம்பேதன்னை மலைச்சரிவில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்ற பெண்ணின் முகம் அவருக்குக் கணக்கேட்டில் ஒரு செலவினம். இலண்டனில் உண்டவர் அவருக்கு ஏழைகள். அப்புத்தளையில் உழைத்தவர் கூலிகள். ஒரே மனிதனின் இரக்கம் ஒரு மலையை ஏறிக் கடக்கமுடியாது நின்றுவிட்டமைக்குக் காரணம் அவரது தனிப்பட்ட கொடுமையன்று. ஒருவனைச் சக மனிதனாகவும் இன்னொருவனை உற்பத்திச் செலவாகவும் காணவைத்த பெருந்தோட்டப் பொருளாதாரமே அதற்குக் காரணம். கொடை அறிமுகத்தின் வழியே செல்கின்றது என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல நிகழ்ச்சி ஊவா வரலாற்றில் அரிது.

துரைமார் தூரத்தில் இருந்தனர். பெரியகங்காணி பக்கத்தில் இருந்தான். தென்னிந்தியக் கிராமத்தில் பஞ்சத்தால் வாடிய குடும்பத்துக்குக் கைமுன்பணம் கொடுத்தவன் அவனே. வழிச்செலவு கொடுத்தான், மலைக்குளிருக்குக் கம்பளி கொடுத்தான், கலியாணத்துக்கும் சாவுக்கும் கொடுத்தான். பெற்றவன் கண்ணுக்கு அவன் கொடையாளி. ஆனால் கொடுத்தவை யாவும் கணக்கில் ஏறின. ஒவ்வொரு தொழிலாளியின் கடனும் துண்டு எனப்படும் சீட்டில் எழுதப்பட்டு, அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவனைக் கொண்டுசெல்லக்கூடிய நிலை ஏற்பட்டது. தொழிலாளர் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசும் கிடைத்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழிக்கும்வரை இந்நிலை நீடித்தது. மோஸ் கூறிய பிணைக்கும் கொடைக்கு இது கொடிய உதாரணம். எனினும் மோஸ் ஆராய்ந்த சமுதாயங்களில் பெற்றவன் திருப்பிக் கொடுத்துத் தன் மதிப்பை மீட்டுக்கொள்ள முடிந்தது. இங்கே திருப்பிக் கொடுக்க முடியாதபடியே கணக்கு எழுதப்பட்டது. திருப்பித்தர வழியடைத்துவிட்டுக் கொடுப்பது கொடையின் உருவில் வந்த விலங்கு. பிற்காலத்துத் தீபாவளி முற்பணத்தைப் பெருந்தன்மையென மொழிவோர், அது தொழிலாளியின் பின்வரும் கூலியிலிருந்தே கழிக்கப்படும் பணம் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இனித் தொழிலாளர் கொடுத்ததை நோக்குவோம். தோட்டந்தோறும் ஒரு மாரியம்மன் கோயிலோ முருகன் கோயிலோ பிள்ளையார் கோயிலோ உண்டு. பசறை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, ஸ்பிறிங்வலி, பூனாகலை என எப்பக்கம் சென்றாலும் லயங்களுக்கு அப்பால், பெரும்பாலும் ஓர் ஓடைக்கு அருகில், இவை காணப்படும். தொடக்கத்தில் ஒரு கல்லும் சூலமுமாக இருந்தவை நாளடைவில் மடாலயமாகவும் கோபுரமுடைய கோயிலாகவும் வளர்ந்தன. அவ்வளர்ச்சிக்குப் பணம் வந்த வழி தொழிலாளரின் கூலியே. 1929இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாக நிர்ணயிக்கப்பட்டன. பொருளாதார மந்தத்தின்போது அக்கூலியும் வெட்டப்பட்டது. அந்தச் சதங்களிலிருந்தே கரகம் பாலித்தது, காவடி ஆடியது, தேர் ஓடியது.

கோயிற்பணம் திரட்டப்பட்ட முறை ஆராய்ச்சிக்குரியது. தோட்டத்தில் ஒரு நாள் உழைப்பைப் 'பேர்' என்பர், அரைநாள் 'அரைப்பேர்'. திருவிழாவுக்கு ஆளுக்கு இத்தனை பேர்க்காசு எனப் பொதுக்கூட்டத்தில் முடிவாகும். பல தோட்டங்களில் அதனைச் செக்றோலிலேயே கழித்துத் தரும்படி துரையிடம் கேட்டுக்கொள்வர். மாதச்சம்பளம் கைக்கு வருமுன்னே அம்மனுடைய பங்கு பிரிந்துவிடும். இவ்விடத்தில் ஐயம் ஒன்று எழும். கணக்குப்பிள்ளையின் பேனாவினாற் கழிக்கப்படுவது கொடையாகுமா? வரியன்றோ? கொடுக்க மறுப்பவன் லயத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அவன் வீட்டுச் சாவுக்கு நான்கு பேர் வரமாட்டார்கள் என்ற அச்சமும் உண்டு. துரைமாரும் இதனை அறிந்தே ஒத்துழைத்தனர். திருவிழாவுக்கு லொறியும் விறகும் விடுமுறையும் கொடுத்துவிட்டு முதல் மாலையைப் பெற்றுக்கொண்டார்கள். கொடியேறிய தோட்டத்தில் தொழிலாளர் அமைதியாக இருப்பர் என்பது அவர் கணக்கு. பெரியகங்காணிக்கோ, கோயிலின் முதன்மரியாதை தனது சாதியுயர்வையும் அதிகாரத்தையும் ஆண்டுதோறும் உறுதிசெய்யும் சடங்காயிற்று. உபயகாரர் வரிசையில் யார் முன், யார் பின் என்பதில் மூண்ட பிணக்குகள் சிலவேளை தேரையே நிறுத்தியுள்ளன.

இவ்வளவும் உண்மையாயினும், கோயிற்பணத்தை வெறும் நிர்ப்பந்தமெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. தோட்டத்தில் எதுவும் தொழிலாளிக்குச் சொந்தமன்று. லயம் கம்பனிக்குரியது, காம்பராவின் கூரைத்தகரமும் கம்பனிக்குரியது, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. கோயில் ஒன்றே அவன் தன் காசினால் எழுப்பி, இது எங்களுடையது எனச் சொல்லிக்கொண்ட கட்டடம். ஊரைவிட்டு வந்தவர்கள் ஓர் ஊரை உண்டாக்கிக்கொள்ளக் கொடுத்த விலையே அந்தப் பேர்க்காசு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பின்னரும் தேர்கள் ஓடின என்பதை இந்நோக்கில் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஏட்டில் இடம் மறுக்கப்பட்டவர்கள் மண்ணில் இடம் பதித்தனர்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைக்காக வீடுதோறும் பிடியரிசி திரட்டியதை இதனோடு ஒப்புநோக்கலாம். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும் இல்லாள் அதனை எவருக்கும் காட்டுவதில்லை. செக்றோலிற் கழியும் பேர்க்காசும் அவ்வாறே முகமற்றது. எல்லோருக்கும் ஒரே அளவு. பெரியகங்காணியின் உபயத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு; கொழுந்து பறிப்பவளின் பேர்க்காசுக்குப் பலகையில்லை. புகழ் எனும் ஊக்கத்தை நீக்கிய பின்னரும் கொடை நிகழ்கின்றது என்றால், அதன் ஊற்று வேறிடத்தில் இருக்கவேண்டும்.

அவ்வூற்றைச் சாவீட்டில் தெளிவாகக் காணலாம். தப்பொலி கேட்டவுடன் லயம் முழுவதும் கூடும். விறகு ஒருவர், பந்தற்காற்கம்பு ஒருவர், தேநீருக்குச் சீனி ஒருவர் என வந்துசேரும். மரண உதவிச் சங்கம் உள்ள தோட்டங்களில் குடும்பத்துக்கு இவ்வளவு எனக் காசு திரண்டு அன்றே கையிற் கொடுக்கப்படும். இதனை ஒருவகைக் காப்புறுதி என்று பொருளியலாளர் விளக்கக்கூடும், அவ்விளக்கம் பிழையன்று. இன்று அவன் வீடு, நாளை என் வீடு என்பதை அறியாத தொழிலாளி இல்லை. ஆனால் காப்புறுதிக் கம்பனி சந்தா கட்டாதவனுக்கு எதுவும் கொடாது, லயத்தில் அவ்வாறில்லை. நேற்று வந்தவன் சாவுக்கும், பிள்ளைகளற்ற கிழவியின் சாவுக்கும் விறகு வரும். திருக்குறள் பிரித்துவைத்த ஒப்புரவும் ஈகையும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

இதே மனப்பாங்கே தொழிற்சங்கத்திலும் தொழிற்பட்டது. 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. 1940இல் ஊவாவில் பரவிய வேலைநிறுத்த அலையின்போது, சமசமாஜிகளின் தலைமையில் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவொன்றை அமைத்து நிருவாகத்தோடு பேசினர். கோயிலுக்குப் பேர்க்காசு கொடுத்துப் பழகியவர்களுக்குச் சங்கத்துக்குச் சந்தா கொடுப்பது அந்நியமாகப்படவில்லை. பின்னாளில் சங்கச் சந்தாவும் செக்றோலிற் கழியும் வரிகளுள் ஒன்றாயிற்று. அதன்பின் கேட்பவன் தொழிலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமற் போனது. சங்கங்கள் பலவற்றின் தளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு.

கொடைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைத்தல் கூடாது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவு விலையேறிப் பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டபோது, நெல்வயலோ காய்கறி நிலமோ அற்ற தோட்ட மக்களே மிகக் கொடிய முறையில் தாக்குண்டனர். தோட்டங்களில் பட்டினிச்சாவுகள் நிகழ்ந்தன. லயங்களை விட்டு நகரத் தெருக்களுக்குப் பிச்சைக்கு வந்த குடும்பங்களும் பல. ஒப்புரவு, ஒரு வீட்டின் அடுப்பு அணையும்போது அயல்வீட்டு அடுப்பு எரியும் என்ற நம்பிக்கையில் நிற்பது. எல்லா அடுப்பும் ஒருங்கே அணையுமாயின் அது எதைப் பங்கிடும்? ஏழைகள் தம்முள் உதவிக்கொள்வர் எனப் புகழ்ந்துவிட்டு அரசு தன் கடமையைக் கைவிடுவதற்கு அவ்விரு ஆண்டுகள் மறுக்கவொண்ணாத சாட்சியம்.

1983 யூலை 27ஆம் நாள் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நாடெங்கும் எரிந்த அந்நாட்களில் சிங்கள அயலவர் சிலர் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்தமையும் பதிவாகியுள்ளது. காசைக் கொடுப்பதும் உயிரைப் பணயம் வைத்து இடங்கொடுப்பதும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவையல்ல. நாசிகளிடமிருந்து யூதரைக் காத்தோரைப் பற்றிச் சாமுவேல் ஒலினரும் பேர்ள் ஒலினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கு ஒளி தருகின்றது. காத்தோருட் பெரும்பாலோர் தாமாகத் தேடிச் சென்றவரல்லர். யாரோ ஒருவர் வந்து கேட்டதன் பின்னரே முதன்முறையாக உதவினர். கதவைத் தட்டும் கை தெரிந்த கையாக இருப்பின் கதவு திறக்கும் வாய்ப்பு மிகுதி. லிப்டனின் வாசலில் தம்பேதன்னைப் பெண் ஒருநாளும் தட்டியதில்லை. அவளுக்கு அவ்வழி தெரியாது.

2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணில் புதையுண்டனர். உணவு, உடை, பாய், பாற்பொடி எனப் பொருட்கள் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து குவிந்தன. பல பத்தாண்டுகளாக மலையகத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்த வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் உதவி வந்தது. சிங்களக் கிராமங்களிலிருந்தும் விகாரைகளிலிருந்தும் வந்தது. போரினால் இடம்பெயர்ந்து பாடசாலை மண்டபங்களிற் படுத்தெழுந்தவர்க்கு, பாடசாலையில் தங்கவைக்கப்பட்ட மீரியபெத்தைக் குடும்பத்தின் நிலையைத் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டவன் பட்டவனுக்குக் கொடுத்தான் என்பதே அவ்வுதவியின் சிறப்பு.

ஆயினும் அக்கொடைப் பெருக்கின் அடியில் கசப்பான செய்தியொன்று கிடந்தது. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் வெளியேறவில்லை, வெளியேறிச் செல்ல அவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. இறந்த பின்னர் வந்த பாற்பொடியிலும் பாயிலும் குறையொன்றும் இல்லை. கொடுத்தோர் நல்லெண்ணத்தோடேயே கொடுத்தனர். ஏழு பேர்ச்சஸ் நிலமோ எவருடைய நல்லெண்ணத்திலும் தங்கியிருந்திருக்கக் கூடாதது. ஒன்றரை நூற்றாண்டு உழைப்புக்குரிய கடன் அது. 2016 ஒக்ரோபரில், சரிவு நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின், பூனாகலைப் பகுதியில் கட்டப்பட்ட 75 வீடுகள் பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் கையளிக்கப்பட்டன. கையளிப்பு விழாவில் அவை அன்பளிப்பாகவே வழங்கப்பட்டன. பெற்றுக்கொண்டவர்கள் நன்றி கூறினர்.